ஆவன செய்யவும்

நீங்களே சொல்லுங்கள், பள்ளிக்கூடத்துக்குப் போன பிள்ளை முழங்கால் வரைக்கும் சேறோடு வந்து நின்றால் எந்தப் பெற்றவளுக்குத்தான் பொறுக்கும்?

“எங்கடி உருண்டே?”

“வடிகால் குளத்துலம்மா. சிங்காரவேலு சார் கூட்டிட்டுப் போனாங்க. நத்தை, தவளை முட்டை, நீர்க்கோழிக் கூடு எல்லாம் காட்டினாங்க.” செவ்வந்திக்கு முகமெல்லாம் பல். “வயல்ல மிஞ்சுற மழைத்தண்ணி அங்கதான் வந்து தங்குமாம். அதுக்கு வேற வீடு இல்லையாம்.”

“வீடு இல்லேன்னா உன் வாத்தியார் வீட்டுல கொண்டுபோய் வச்சுக்கச் சொல்லு. பாவாடையை யாருடி துவைக்கிறது?”

வாரா வாரம் இதே கூத்து. தெருப் பெண்கள் எல்லாரும் கூடினோம். எட்டாவது வரை படித்தவள் நான். என் எழுத்து முத்து முத்தாக இருக்கும். வாத்தியாரை மாற்றச் சொல்லி மனு எழுத உட்கார்ந்தேன்.

“வாத்தியாரை மட்டும் சொன்னா அசைய மாட்டாங்கடி” என்றாள் பக்கத்து வீட்டு நாகம்மாள் அக்கா. “பாம்பு, அட்டை, குளத்தால பிள்ளைங்க உயிருக்கே ஆபத்துன்னு நாலு வரி சேர்த்துப் போடு.”

போட்டேன். ‘உடனே ஆவன செய்யவும்’ என்று முடித்து, முதல் கையெழுத்தும் நானே போட்டேன்.

சிங்காரவேலு சாரை முத்துப்பேட்டைப் பக்கம் மாற்றிவிட்டார்கள்.

“அங்க அலையாத்திக் காடு முழுக்கச் சேறுதான். ஆசை தீர மிதிக்கட்டும்” என்று அக்கா சொல்ல, சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

மறு வருஷம் லாரி லாரியாக மண்ணைக் கொட்டிக் குளத்தை மேடாக்கினார்கள். பஸ் ஸ்டாண்டு வந்தது. நல்லதுதான், நடை மிச்சம் என்றிருந்தேன்.

கார்த்திகையில் ஐந்து நாள் அடைமழை. தண்ணீருக்குப் போக இடமில்லை. எங்கள் குத்தகை வயல் மூன்று மா நிலமும் பத்து நாள் மூழ்கிக் கிடந்து, சம்பாப் பயிர் அழுகிப் போனது. என் வீட்டுக்காரர் வரப்பை விட்டு எழுந்து சாப்பிடக்கூட வரவில்லை.

செவ்வந்தியை இழுத்துக்கொண்டு தாலுகா ஆபீசுக்குச் சண்டைக்குப் போனேன். அவளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே நுழைந்தேன்.

“யாரைக் கேட்டு சார் குளத்தை மேடாக்கினீங்க?”

குமாஸ்தா ஒரு ஃபைலைப் புரட்டி, என் பக்கம் திருப்பி வைத்தார்.

“உங்க ஊர்த் தாய்மாருங்க கேட்டுத்தாம்மா.”

முத்து முத்தான எழுத்து.

திரும்பிப் பார்த்தேன். சாட்சிக்கென்று பிடுங்கி வந்த அழுகல் பயிரைக் கையில் வைத்தபடி செவ்வந்தி படியேறிக்கொண்டிருந்தாள்.

“சார், அவளுக்கு என் எழுத்து தெரியும். அந்த ஃபைலைக் கொஞ்சம் மூடி வைங்களேன்.”