கட்டன் சாயா

மகள் ஒருவனோடு போய்விட்ட நாளிலிருந்து தாசையன் தன் மனைவி ரோசம்மாளிடம் பேசுவதில்லை. ஆனால் அவளுக்கு ரத்தம் குறைவு என்று தெரிந்ததும், தினமும் காலையில் பால் சேர்க்காமல் கட்டன் சாயா போட்டு, இரும்புச்சத்து மாத்திரையோடு கொண்டுவந்து வைத்துவிட்டு, அவள் விழுங்கும்வரை நிற்பார். மாதங்கள் போயும் ரத்தம் ஏறவில்லை.

“மாத்திரைய எது கூட முழுங்குதிய?” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ்.

“சாயா கூட.”

“அதான் அக்கா. சாயாவுல உள்ள துவர்ப்பு, சத்த ஒடம்புல சேர விடாது. வெறும் தண்ணி போதும்.”

வெறும் தண்ணீரை யாரும் போட்டுத் தர வேண்டியதில்லை என்று பஸ்ஸில் வரும்போது ரோசம்மாள் நினைத்துக்கொண்டாள்.

வாசலில் நின்ற தாசையன் அன்றுதான் வாய் திறந்தார். “என்ன சொன்னாவ?”

அவள் செருப்பைக் கழற்றினாள்.

“சாயாவுக்குத் தூளு காணாதாம். இன்னும் கடுப்பமா போடணுமாம்.”