வெள்ளைக் கோடு

கணவனின் படகில் ஒயர்லெஸ் பேட்டரிக்கு சோலார் சார்ஜர் செய்து கொடுத்தவள் ஜெசிந்தாதான். கணவனும் அவள் அண்ணனும் கடலுக்குப் போயிருக்க, இரண்டு நாளாகப் படகிலிருந்து பேச்சே இல்லை. பகலில் ஏறிய சார்ஜ் இரவில் பேனலுக்கே திரும்பி ஓடாமல் தடுக்க ஒரு டையோடு வைத்திருந்தாள். நெல்மணி அளவில் கறுப்புத் துண்டு, ஒரு முனையில் வெள்ளைக் கோடு. அதைத் தலைகீழாக வைத்துப் பற்றவைத்திருந்தால் சார்ஜ் ஏறவே ஏறாது. அப்படித்தான் வைத்துவிட்டோமோ? மிச்சமிருந்த டையோடை விரல்களுக்கிடையே உருட்டி உருட்டி, அதிலிருந்த கோடே அழிந்துவிட்டது.

மூன்றாம் நாள் மதியம் மீனவர் சங்கக் கட்டடத்து ஒயர்லெஸ் கரகரத்தது. கணவனின் குரல்.

"ஏட்டி, எல்லாரும் நல்லாருக்கோம். பேட்டரிதான் செத்துப்போச்சு. காலையிலதான் பாத்தேன், ஒங்கண்ணன் பேனல் பூரா நெத்திலியக் காயப்போட்டு வச்சிருக்கான்! எடுத்துவிட்டதும் ஏறிட்டு."

சுற்றி நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஜெசிந்தா மைக்கை வாங்கினாள். அண்ணனைத் திட்ட இரண்டு நாள் வசவும் வாய்வரை வந்து நின்றது. மூடிய உள்ளங்கையில் டையோடு குத்தியது.

"நெத்திலி நல்லா காஞ்சிட்டா?" என்று கேட்டாள்.