இரண்டு டிகிரி சாய்வு

டேப்லெட்டில் ஆழம் வந்துவிட்டது. காற்றும் வந்துவிட்டது. திசை மட்டும் வீம்பு பிடித்துக்கொண்டிருந்தது.

எலக்ட்ரீஷியன் படகின் கேபின் தரையில் குப்புறப் படுத்து, திசைகாட்டியின் ஒயரைக் கழற்றி மாற்றிச் சொருகினார். அதுவும் வழிக்கு வந்தது.

படகில் ஒவ்வொரு கருவியும் தன்பாட்டுக்குப் பேசிக்கொண்டே இருக்கும். இரண்டின் ஒயர்களை நேராக முறுக்கிவிட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் கத்தும். ஓர் எழுத்தும் தேறாது. புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு அது. நடுவில் மல்டிபிளெக்சர் என்று ஒரு சின்னப் பெட்டி வேண்டும். எல்லாக் கருவியும் சொல்வதை வாங்கி, வரிசையாக்கி, வைஃபையில் அனுப்பும்.

அவர் வீட்டில் அந்த வேலையை மனைவி பார்த்தாள். "உன் பிள்ளைகிட்ட சொல்லு" என்பார் இவர். "அப்பாகிட்ட சொல்லும்மா" என்பான் அவன். சூட்டைத் தணித்து, வேண்டாததை விழுங்கி, இரண்டு பக்கமும் கொண்டு சேர்ப்பாள்.

அவள் கண்ணை மூடிய பிறகுதான் அப்பனும் மகனும் முதன்முதலாக நேருக்கு நேர் பேசினார்கள். அதோடு சரி. பேச்சு நின்று வருஷங்கள் ஓடிவிட்டன.

இது மகனுடைய படகு.

கருவிகளை விற்ற கடைக்காரர் போனில் இழுத்து இழுத்துத்தான் சொன்னார். "ஓனர் வரலையாம்ணே. சாவி ஆபீஸ்ல இருக்கு. நீங்களே முடிச்சு, வைஃபை பாஸ்வேர்டை அவருக்கு மெசேஜ்ல அனுப்பிடுங்க."

இந்தப் படகுத்துறையில் இந்த வேலைக்கு இவரை விட்டால் ஆள் கிடையாது. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் கொடுத்திருக்கிறான், தெரிந்துதான் வராமலும் இருக்கிறான். கல்லுளிமங்கன். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவன்.

பாஸ்வேர்டை அனுப்பினார். கூட ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்று விரல் சற்று நின்றது. சேர்க்கவில்லை.

வேலை முடிந்தது. கிளம்ப மனசு வரவில்லை. வீட்டுக்குப் போய் மட்டும் யாரிடம் பேசப்போகிறார்? துடைத்த பெட்டியையே மறுபடி துடைத்தார். வேகம் காட்டும் குட்டிச் சக்கரத்தை ஒயரோடு படகின் அடியிலிருந்து உருவி, துளையை மூடியால் அடைத்துவிட்டு, கேபின் நடுவில் தரையில் உட்கார்ந்து பாசியைச் சுரண்டினார்.

அப்போதுதான் திரையின் ஓரம் கண்ணில் பட்டது.

இணைந்துள்ளவை: இரண்டு.

ஒன்று அவருடைய டேப்லெட். இன்னொன்று?

இந்த வைஃபை படகுத்துறை வாசலைத் தாண்டாது. பாஸ்வேர்டு ஒருத்தனிடம்தான் இருக்கிறது. அப்படியானால் கார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான். அப்பா எப்போது தொலைவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

எட்டிப் பார்க்கப் பயமாக இருந்தது. பார்த்தால் போய்விடுவான். போன் செய்யலாம். எடுத்துவிட்டால் என்ன சொல்வது?

மடியில் சக்கரம் கிடந்தது. கட்டைவிரலால் ஒரு சுண்டு சுண்டினார்.

பூஜ்யத்தில் கிடந்த வேகம் மூன்றுக்குத் தாவியது. இன்னொரு சுண்டு. ஐந்து.

சின்ன வயதில் அவன் இதே மாதிரிச் சக்கரத்தைச் சுண்டிவிட்டு, துறையே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருக்கிறான். "அப்பா! கட்டிப்போட்ட போட் ஓடுது!"

சுண்டிக்கொண்டே இருந்தார். விரல் காந்தியது. அவன் திரையிலும் இந்நேரம் படகு ஓடிக்கொண்டிருக்கும்.

இணைந்துள்ளவை: ஒன்று.

போய்விட்டான்.

சக்கரத்தை அதன் துளையில் பொருத்தினார். டேப்லெட்டோடு கேபினை விட்டு வெளியே வந்தார். இடப்பக்க பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். சின்னப் படகு, ஓர் ஆள் ஒரு பக்கம் உட்கார்ந்தாலே சாயும்; எதிர்ப்பக்கம் இன்னோர் ஆள் உட்கார்ந்தால்தான் நிமிரும். அதையும் ஒரு கருவி சொல்லிற்று. சாய்வு, இடப்பக்கம் இரண்டு டிகிரி.

தனியாள் கனம் இவ்வளவுதான் போலிருக்கிறது என்று நினைத்தார். அழுகை வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று வரவிட்டார்.

படகு ஒரு தரம் ஆடியது. ஏதோ அலை. தலையைத் தூக்காமல் டேப்லெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு. இரண்டு. ஒன்று.

பூஜ்யம்.

அவர் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவே இல்லை.