கொட்டாவி பற்றிய ஆய்வேடு

"கிடைக்கலைன்னா சொல்லிடுங்கம்மா, தப்பில்ல. இன்னிக்கே இந்தப் பிரிவை மூடிடலாம்" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் புது இயக்குநர்.

தேடலம்மா விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் தேடல் உதவிப் பிரிவு என்பது ஒரு மேஜை, ஒரு கம்ப்யூட்டர், இருபத்திரண்டு வருஷமாக அவள். பெற்றவர்கள் வைத்த பெயர் அங்கே யாருக்கும் ஞாபகமில்லை. பிரிவு போனால் அடித்தளத்தில் பழைய செய்தித்தாள் கட்டும் வேலைதான். தூசி பட்டாலே அவளுக்கு மூச்சு முட்டும்.

இயக்குநர் வைத்த பரீட்சை இதுதான். நாற்பது வருஷத்துக்கு முன் யாரோ அலுவலகக் கொட்டாவியைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வேடு எழுதினாராம். பெயர் தெரியாது, தலைப்பு மறந்துவிட்டதாம். தேடி எடுத்தால் பிரிவு பிழைக்கும். இதற்கெல்லாமா ஆய்வு என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டாள்.

முதலில் ஆண்டு வரம்பு போட்டாள்: முப்பது வருஷத்துக்கு முந்தையவை மட்டும். பிறகு 'கொட்டாவி' என்று தட்டினாள். பூஜ்யம். இயக்குநர் முகம் மலர்ந்தது. பாவி மனுஷன், மூடுவதற்கென்றே வந்திருக்கிறான் என்று மனசுக்குள் பொருமினாள்.

"ஒரு வார்த்தை வரலைன்னா அதோட சொந்தக்காரங்களைக் கூப்பிடணும் சார்" என்று தூக்கம், அலுப்பு, சோர்வு எல்லாவற்றுக்கும் நடுவில் 'அல்லது' போட்டாள். பதினோராயிரம் வந்து கொட்டின. பாதிக்கு மேல் மருத்துவம். 'மருத்துவம் தவிர' என்றாள். முந்நூறாகக் குறைந்தன. எதற்கு வீண் சிரமம், விட்டுவிடலாமே என்றார் இயக்குநர். விடுவாளா அவள்? 'பணியிடச் சோர்வு' என்ற இரண்டு சொல்லையும் பிரியாமல் மேற்கோள் குறிக்குள் கட்டிப்போட்டுத் தேடினாள்.

ஒன்றே ஒன்று வந்தது.

அலமாரிக்கு ஓடிப்போய் எடுத்து வந்தாள். மூன்றாம் அத்தியாயம் முழுக்கக் கொட்டாவி. வாசல் மேஜையில் புறப்பட்ட கொட்டாவி மேலாளர் அறைக்கு எத்தனை நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தது என்று வரைபடத்தோடு இருந்தது. புரட்டப் புரட்ட இயக்குநருக்கு வேர்த்தது. ஆய்வேட்டைத் தன் பைக்குள் திணித்துக்கொண்டார்.

"ஒரு ஆய்வேட்டுக்கு முக்கால் மணி நேரமா? இது சரிப்படாது. மூடிடலாம்."

"கிடைச்சிடுச்சே சார்" என்றாள். அவர் பாட்டுக்கு உத்தரவு எழுதிக்கொண்டிருந்தார்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அந்த ஆய்வேட்டுக்கு அப்புறம் இந்தக் கொட்டாவி ஆராய்ச்சி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று காட்டினால் மனசு இளகுமோ என்று, ஆண்டு வரம்பை எடுத்துவிட்டு மறுபடி தேடினாள். வேண்டாம் வேண்டாம் என்று அவர் எழுந்து வருவதற்குள் திரையில் இரண்டு முடிவுகள் வந்துவிட்டன.

இரண்டாவது, இருபது வருஷத்துக்கு முந்தையது. அதே தலைப்பு. அதே முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். வரைபடங்கள்கூட அதே பத்தொன்பது. எழுதியவர் பெயரைப் படித்தவள், நிமிர்ந்து இயக்குநரின் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைப் பார்த்தாள்.

உத்தரவை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு இயக்குநர் மெதுவாகக் கேட்டார்: "பிரிவுக்கு இன்னும் எத்தனை கம்ப்யூட்டர் வேணும்மா?"