முப்பத்தொரு பிழை

முப்பத்தோராவது பிழையையும் சிவப்பு மையால் வட்டமிட்டுவிட்டு, இராசரத்தினம் தாளைத் தள்ளிவைத்தார். ஆங்கிலப் பாட அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் கை மறக்கவில்லை.

தாள் மாணவனுடையதல்ல. பாதைக்கு எதிரே இரண்டே அறையை வாடகைக்கு விடும் பேச்சியம்மாவின் ஆங்கில இணையப்பக்கம். மஸ்கெலியா நெட் கடையில் அச்செடுத்து வந்தது. நல்லதண்ணியில் தங்க இடம், மலைக்கு எத்தனை படி, எத்தனை மணிக்கு ஏறுவது, அட்டை கடித்தால் என்ன செய்வது, இறங்கியபின் முழங்கால் வலி... எதைத் தேடினாலும் கூகுளில் அதுதான் முதலில் வந்து நின்றது.

இராசரத்தினத்தின் எட்டு அறை விடுதிக்கும் ஒரு பக்கம் இருந்தது. அவரே எழுதியது, ஒரு பிழை கிடையாது. மலையின் மாட்சிமை இரண்டு பந்தி, அவருடைய சேவைக்காலம் ஒன்பது பந்தி. அவர் பெயரை முழுதாக, முதலெழுத்துகளோடு தேடினால் மட்டும் அது வரும். அப்படித் தேடுகிறவர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

2009 டிசம்பர். மலையேறும் சீசன் தொடங்கிப் பத்து நாள். எதிர் முற்றத்தில் பயணப்பைகள் குவிந்து கிடக்க, இங்கே எட்டுச் சாவியும் ஆணியில் தொங்கின. பொங்கலுக்குள் அறை நிறையாவிட்டால் விடுதியைப் பூட்ட வேண்டியதுதான்.

சமையற்காரி வீரம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். குசினி வாசலில் ஒரு வெள்ளைக்காரப் பெண் நிற்கிறாள், உச்சியில் குளிருமா என்று கேட்கிறாள் என்றாள். போகிற வருகிறவர்களெல்லாம் அவளைத்தான் எதையாவது கேட்பார்கள்.

"கேட்டா என்னட்ட அனுப்பு. உன்ர வேலை தேத்தண்ணி" என்றார்.

மாலையில் மானத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, பாதையைக் கடந்து போய், இதையெல்லாம் எழுதியது யார் என்று பேச்சியம்மாவிடம் கேட்டார்.

"எனக்குக் கையெழுத்தே வராதுங்க. எழுதுற ஆளு வேற. பேரச் சொன்னா அந்த ஆளு பொழப்பு போயிடுங்க."

திரும்பி வந்து கடிதம் எழுதினார். மூன்று தாள் கிழிந்தபின் நான்காவது நிலைத்தது. 'மதிப்புக்குரிய ஐயா' என்று தொடங்கி, தம் விடுதிக்கு மேலாளராக வரும்படி கேட்டது. தனி மேசை, தனி நாற்காலி. எழுதுவதைச் சிவப்பு மை தொடாது. பெயருக்குப் பின்னால் பட்டம் எதுவும் போடாமல் அவர் வைத்த முதல் கையொப்பம் அதுதான்.

வீரம்மாவைக் கூப்பிட்டார். "உந்தக் கடிதத்தைப் பேச்சியம்மாட்டக் குடு. அவளுக்கு எழுதிக் குடுக்கிற ஆளிட்ட உடன போய்ச் சேர வேணும்."

வீரம்மா கையை முந்தானையில் துடைத்தாள். உறையை அங்கேயே கிழித்தாள். நின்றபடியே இரண்டு தரம் வாசித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சரிங்கய்யா. நாளையிலேருந்து தேத்தண்ணிக்கு வேற ஆளப் பாருங்க."