மூத்தவள் வீட்டு பர்னர்

பால் வைத்து அரை மணியாகியும் ஓரத்தில் ஒரு குமிழிகூட வரவில்லை. அந்த அழுமூஞ்சி மஞ்சள் தீயைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் இளைய மருமகள் அந்த முடிவுக்கு வந்தாள்.

திருட வேண்டியதுதான்.

திருடப்போவது நகையும் இல்லை, நட்டும் இல்லை. ஒரு பித்தளை பர்னர். அதுவும் வேற்றாள் வீட்டிலிருந்து அல்ல. சொந்த ஓரகத்தி, அதாவது மூத்த மருமகள் வீட்டு அடுப்பிலிருந்து.

எல்லாம் மாமனார் தொடங்கிவைத்த வினை. மகன்கள் இருவரும் தனிக்குடித்தனம் போனபோது, ஒரு கண்ணில் வெண்ணெய், மறு கண்ணில் சுண்ணாம்பு என்ற பேச்சு வரக்கூடாதென்று இரண்டு மருமகள்களுக்கும் ஒரே மாதிரி கேஸ் அடுப்பு வாங்கிக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சும்மா போயிருக்கலாம். "எது ரொம்ப நாள் உழைக்குதுன்னு பாப்போம். அவதான் கெட்டிக்காரி" என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டுப் போனார்.

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். மருமகள்கள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. வருஷங்கள் ஓடின, இரண்டு அடுப்பும் விடாமல் எரிந்தன. எந்த மகன் வீட்டுக்கு வந்தாலும் மாமனார் முதலில் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவார்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறார்.

அந்த அடுப்பின் மேல் அவளுக்குப் பாசம் இருக்க இன்னொரு காரணமும் உண்டு. அது வீட்டுக்கு வந்த அன்று, கணவன் பெரிய பர்னரின் அடியில் ஆணியால் ஓர் இதயம் கீறினான். கோணிக்கொண்டு கத்தரிக்காய் மாதிரி வந்தது. நாளடைவில் எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறி அது கண்ணுக்கே தெரியாமல் போயிற்று. கல்யாணமானவர்களின் இதயம் வேறெப்படி இருக்கும்?

போன மாதம் அவள் காய்ச்சலில் படுத்தபோது மூத்தவள்தான் ஓடி வந்தாள். கூடவே இருந்து சமைத்துப் போட்டு, அடுப்பைக்கூடப் பளபளவென்று துடைத்துவிட்டுப் போனாள். என்ன ராசியோ, இவளுக்கு விட்ட காய்ச்சல் அடுப்புக்கு வந்துவிட்டது. தீ மஞ்சளாகி, பாத்திரமெல்லாம் கரி.

மெக்கானிக் பர்னரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "விரிசல் விட்டிருக்கும்மா. இதைச் செஞ்ச கம்பெனியே மூடியாச்சு. வேற பர்னர் இதுல உக்காராது."

உதிரிபாகக் கடைக்காரரும் கையை விரித்தார். "போன மாசம் இன்னொரு அம்மாவும் இதையேதான் கேட்டு நடையா நடந்தாங்க. அப்புறம் ஆளையே காணோம். எங்கயாவது கெடச்சிருக்கும்."

அவளுக்குக் கிடைத்தது எனக்குக் கிடைக்காதா என்று பழைய இரும்புக் கடைகளைக்கூடச் சல்லடை போட்டுச் சலித்தாள். ஊஹூம்.

"புதுசு வாங்கிட்டுப் போறது. எதுக்கு இந்தப் பாடு?" என்றான் கணவன்.

"வாங்கலாம். வாங்கிட்டு, நான் தோத்துட்டேன்னு கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு உங்கப்பா முன்னாடி நிக்கறேன்."

அவன் மெல்லச் செய்தித்தாளை எடுத்து விரித்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம், விரிசல் பர்னரைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மூத்தவள் வீட்டுக்குப் போனாள்.

"வா வா. உடம்பு தேவலையா? ஃபேனுக்கு அடியில உக்காரு. காபி போடறேன்."

"வேணாங்க்கா." அடுப்பு ஆறியிருந்தால்தானே கை வைக்க முடியும்?

"காபி வேணாம்னு நீயா சொல்றே?"

"வயிறு சரியில்ல. அடுப்படியில ஏதாவது வேலை இருந்தா நான் வரட்டுமா?"

"அய்யய்யோ, அந்தப் பக்கமே வராதே. அங்க ஒரே புழுக்கம்." மூத்தவள் அவசரமாக அலமாரியைத் திறந்து ஒரு புதுச் சேலையை எடுத்து நீட்டினாள். "உனக்குன்னுதான் எடுத்தேன். இந்தக் கலர் உனக்கு நல்லா இருக்கும்."

அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு மூத்தவளுக்கு இப்படித்தான் பாசம் பொங்கிக்கொண்டிருந்தது. இளையவள் சேலையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இப்பேர்ப்பட்டவள் வீட்டிலா திருடுவது?

அப்போது இடி இடித்தது. "மாடியில துணி!" என்று மூத்தவள் ஓடினாள்.

இளையவள் அடுப்படிக்குள் நுழைந்தாள். தூக்கினால் கையோடு வருகிற சாமான், திருகாணிகூடக் கிடையாது. மூத்தவளின் பெரிய பர்னர் கைப்பைக்குள் போனது. விரிசல் பர்னர் அதன் இடத்தில் அச்சாக உட்கார்ந்தது.

ஒரு கணம் கை தயங்கியது. கணவன் கீறிய இதயத்தையும் அல்லவா இங்கே விட்டுவிட்டுப் போகிறோம்?

மாடிப்படியில் காலடி கேட்டது. இதயமாவது ஈரலாவது என்று வெளியே வந்து உட்கார்ந்துகொண்டாள்.

வீட்டில் தீ நீலமாகச் சீறி எரிந்தது. "அட, எங்க புடிச்சே?" என்றான் கணவன்.

"தேடினா கெடைக்காதா?" என்றாள். அதற்குமேல் பொய் வரவில்லை.

மறுநாள் காலை, மாமனார் வரும் நேரம். வென்றாகிவிட்டது, ஆனால் புதுச் சேலையைப் பார்க்கும்போதெல்லாம் மனசு குறுகுறுத்தது. கத்தரிக்காய் முத்தினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும்? அடுத்தவர் சொல்லித் தெரிவதற்கு முன் நாமே சொல்லிவிடுவது மேல். போட்டியில் தோற்றால் தோற்றுவிட்டுப் போகிறோம். திருப்பிக் கொடுப்பதை அழுக்கோடு கொடுக்கக் கூடாது.

பர்னரைக் கழற்றிக் கவிழ்த்து, ஒரு கையால் பழைய டூத் பிரஷ்ஷை வைத்துத் தேய்த்துக்கொண்டே, மறு கையால் போன் போட்டாள். "அக்கா, உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். என்னை மன்னிச்சிடணும்."

மறுமுனையில் மூத்தவள், "மன்னிப்பா? உன்னை நான் மன்னிக்கறதா?" என்று ஏனோ தடுமாறிக்கொண்டிருந்த அதே நேரத்தில், பிரஷ் பட்ட இடத்தில் கரி விலகி, ஆணியால் கீறிய ஒரு கோணல் கத்தரிக்காய் எட்டிப் பார்த்தது.