மேல் வரிசைச் சாவி

பொத்தான் என்பது சட்டையை மூடுவதற்காக ஏற்பட்டது என்று நன்றாகப் படித்தவர்களே நம்பிக்கொண்டிருக்கிறார்கள். வருத்தத்தோடு மறுக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவே ஒரு ஜன்னல் திறப்பதற்காகவே அது ஏற்பட்டது. சந்தேகமிருந்தால், மார்பு சற்றுத் தாராளமாக அமைந்த எந்தப் பெண்ணையாவது கேட்டுப் பார்க்கலாம்.

அந்த ஓட்டலின் வரவேற்பு மேசையில் நின்றவளைக் கேட்டிருந்தால் இன்னும் விவரமாகச் சொல்லியிருப்பாள். அறைச் சாவிகளை எடுத்துக் கொடுப்பவள் என்பதால் அங்கே அவளுக்குப் பெயரே 'சாவி' என்றாகிவிட்டது.

சீருடை வெள்ளைச் சட்டை. மார்புக்குச் சரியான அளவாக எடுத்தால் தோள், முழங்கைவரை வழிந்தது. தோளுக்குச் சரியாக எடுத்தால் ஜன்னல். ஜன்னலுக்கு ஓர் ஊக்கு. மேல் வரிசைச் சாவியை எட்டி எடுக்கும்போதெல்லாம் வலது கை மேலே போகும். இடது கை உறுதிமொழி எடுப்பதுபோல் நெஞ்சை மூடிக்கொள்ளும்.

இரண்டு கையையும் ஒன்றாகத் தூக்க வேண்டும். அவள் ஆசை அவ்வளவுதான்.

ஒரு நாள் சாவியை எட்டும்போது ஊக்கு விட்டுக்கொண்டது. பெட்டியோடு நின்ற விருந்தினர் அவசரமாகக் கூரையைப் பார்த்தார். மேனேஜர் அம்மா அவளைப் பார்த்தார்.

"ரூமுக்கு வாம்மா."

மேனேஜர் எந்நாளும் கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட்டில்தான் இருப்பார். ஏ.சி. எந்நாளும் பதினெட்டில் இருக்கும். ரிமோட் அவருடைய டிராயருக்குள் பூட்டியிருக்கும்.

"திங்கட்கிழமைக்குள்ள சட்டை ஒழுங்கா உக்காரணும். இல்லேன்னா டெலிபோன் ரூமுக்குப் போயிடு. அங்க உன்னை யாரும் பார்க்க மாட்டாங்க. நிம்மதி."

"எனக்கு முன்னாடி நிக்கிறதுதான் பிடிக்கும் மேடம்."

"எனக்கும்தான் என்னென்னவோ பிடிக்கும். போ."

வெளியே, மஃப்ளர் சுற்றிய கணக்கர் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"என்ன சொல்லுது ஐஸ் பெட்டி?"

"டெலிபோன் ரூம்கிறாங்க அண்ணே."

"கோட்டுக்குள்ள குடியிருக்கறவங்களுக்கு அடுத்தவங்க கஷ்டம் எங்க தெரியும்? நாம விறைச்சு விழுந்தாலும் அதுக்குப் பதினெட்டுதான்."

வீட்டில் தங்கையிடம் ஒரு தையல் மெஷின் இருந்தது. அதைவிட வேகமாக ஓடும் நாக்கும் இருந்தது.

"ரெண்டு சைஸ் பெருசா வாங்கித் தொலையேன்க்கா."

"வாங்கினேன். அப்பா சட்டையைத் திருடிப் போட்டுக்கிட்ட மாதிரி இருந்துச்சு."

ஞாயிற்றுக்கிழமை, பூப்போட்ட பழைய பெட்ஷீட்டை வெட்டி வெள்ளோட்டம் பார்த்தார்கள். தோள் அளவுக்கே வெட்டி, முன்பக்கத்தில் மட்டும் அகலம் கூட்டினாள் சாவி. கூடிய துணியை அக்குளுக்குக் கீழே, பக்கத் தையலிலிருந்து உள்ளே கூராக மடித்துத் தைத்து, டார்ட் பிடித்தாள். தோள் தோளில் நின்றது. இடுப்பு இடுப்பில் படிந்தது. பொத்தான் போட்டுக் கையைத் தூக்கியதும் ஜன்னல் மட்டும் பழைய விசுவாசம் மாறாமல் திறந்துகொண்டது.

"துணிதான் தாராளமா இருக்கே, பிறகு எதுக்கு வாயைப் பொளக்குது?" என்றபடி தங்கை ஊக்கோடு வந்தாள். "நில்லு, குத்தி விடறேன்."

குத்த வந்த இடத்தைச் சாவி குனிந்து பார்த்தாள். எந்தச் சட்டையானாலும் ஊக்கு போய் நிற்பது அதே இடத்தில்தான்.

"ஏண்டி, ஊக்கு குத்தற இடத்துலயே ஒரு பொத்தானை வச்சுட்டா?"

"அது ரெண்டு பொத்தானுக்கு நடுவுல வருதேக்கா."

"அந்த ரெண்டையும் தள்ளி உக்காரச் சொல்லு."

உலகம் முழுவதும் பொத்தானைக் கழுத்திலிருந்து எண்ணிக்கொண்டு இறங்குகிறது. அவள் ஊக்கின் இடத்தில் முதல் பொத்தானை வைத்தாள். மற்றவை அதற்கு மேலும் கீழுமாக மரியாதையாக நகர்ந்துகொண்டன.

"கையைத் தூக்குக்கா. ரெண்டையும்."

தூக்கினாள். ஜன்னல் திறக்கவில்லை.

"சரி, இறக்கு. யாரோ துப்பாக்கி காட்டின மாதிரி நிக்கிறே."

சாவி கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

திங்கட்கிழமை வெள்ளைத் துணியில் தைத்ததைப் போட்டுக்கொண்டு வந்தாள். ஒரு குடும்பம் பக்கத்துப் பக்கத்து அறைகள் கேட்டது. இரண்டு சாவியும் மேல் வரிசை. இரண்டு கையாலும் எடுத்தாள்.

மேனேஜர் பார்த்துவிட்டார்.

"ரூமுக்கு வாம்மா."

கணக்கர் சத்தமில்லாமல் 'போச்சு' என்று உதட்டை அசைத்தார்.

"கதவைச் சாத்து. யார் தைச்சது?"

"நான்தான் மேடம். தங்கச்சி கூட இருந்தா."

"கையைத் தூக்கு."

தூக்கினாள். மேனேஜர் சட்டையைச் சுற்றி வந்து பார்த்தார். குறை தேடுகிறார் என்றுதான் சாவிக்குத் தோன்றியது.

"எப்படி இருக்கு?"

"எது மேடம்?"

"ரெண்டு கையையும் ஒண்ணாத் தூக்கறது."

சாவி தூக்கிய கையை இறக்க மறந்து நின்றாள்.

"நல்லா இருக்கு மேடம்."

மேனேஜர் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டார். திரும்பி நின்று, கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார். உள்ளே அதே வெள்ளைச் சட்டை. நடுவில் வரிசையாக மூன்று ஊக்குகள்.

"எனக்கும் ஒண்ணு தைச்சுத் தருவியா?"

அடுத்த வாரம் கறுப்புக் கோட்டு நாற்காலி முதுகில் தொங்கியது. டிராயர் திறந்தது, ஏ.சி. இருபத்தாறுக்கு ஏறியது. கணக்கர் மஃப்ளரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.